புது வீட்டுக்கு ஜிஎஸ்டி: சேலத்தில் வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். புதிதாக வீடோ ஃபிளாட்டோ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். "ஜிஎஸ்டியில் ஏதாவது குறைக்க முடியுமா, திரும்ப வாங்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். வீடு வாங்குகிறவருக்கு இந்த வரியில் கிடைக்கிற சலுகையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு செய்ய முடிவது மிகக் குறைவு. அதனால்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே, இங்கே சேர்த்து வைக்கிறேன்.

புதுசா ஃபிளாட் வாங்கினா ஜிஎஸ்டி எவ்வளவுங்க?

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இரண்டே விகிதம். 'மலிவு விலை வீடு' என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம், வராவிட்டால் 5 சதவீதம். 2019 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு என்று பில்லில் இரண்டு வரியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, நிலத்தின் பங்கைக் கழித்தது போக 12 சதவீதம் இருந்தது. அப்போது பில்டர் தான் வாங்கிய சிமெண்ட், கம்பிக்குக் கட்டிய வரியை வரவு வைத்து, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது அந்த வரவு அவருக்குக் கிடையாது. அந்தச் செலவு வீட்டின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 12 எங்கே, 5 எங்கே என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதையும் நினைவில் வையுங்கள்.

எந்த வீட்டுக்கு 1 சதவீதம்? சென்னையில 60 சதுர மீட்டர்னு சொன்னாங்களே.

சென்னைக்கு 60தான். சேலத்துக்கு 90. பெங்களூரு, சென்னை, டெல்லியும் அதைச் சுற்றியுள்ள நகரங்களும், ஹைதராபாத், கொல்கத்தா, மும்பைப் பெருநகரப் பகுதி ஆகிய இவை மட்டும்தான் இந்தச் சட்டத்தின் கண்ணில் பெருநகரங்கள். கோயம்புத்தூர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சேலம் மாநகராட்சி, ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு எல்லாவற்றுக்கும் 90 சதுர மீட்டர், அதாவது சுமார் 968 சதுர அடி.

இதோடு இன்னொரு நிபந்தனையும் சேர வேண்டும்: மொத்த விலை 45 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இரண்டும் ஒருசேர இருந்தால்தான் 1 சதவீதம். அளவு சிறியது, விலை 48 லட்சம் என்றால் 5 சதவீதம். விலை 40 லட்சம், கார்பெட் அளவு (வீட்டுக்குள் உபயோகிக்கும் தரை) 1,000 சதுர அடி என்றாலும் 5 சதவீதம்தான்.

புரோஷர்ல 1,280 சதுர அடின்னு போட்டிருக்கு. அப்போ எனக்கு 5 சதவீதம்தானா?

அவசரப்படாதீர்கள். புரோஷரில் போடுவது பெரும்பாலும் சூப்பர் பில்டப் அளவு. மாடிப்படி, லிஃப்ட், வராண்டா என்று பொது இடத்தில் உங்கள் பங்கையும் சேர்த்த கணக்கு அது. வரிக்குப் பார்ப்பது ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச்) சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியா. வெளிச்சுவர், பைப் போகும் டக்ட், உங்களுக்கு மட்டுமான பால்கனி, திறந்த மொட்டைமாடி எதுவும் இதில் சேராது. வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மட்டும் சேரும்.

1,280 என்று விற்கிற ஃபிளாட்டில் கார்பெட் 930 ஆக இருப்பது சாதாரணம். அப்படியானால் அளவு நிபந்தனை நிறைவேறிவிட்டது, விலையை மட்டும் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும் திட்டமானாலும், 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டமானாலும் ரெராவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவான திட்டத்தின் விவரத்தில் ஒவ்வொரு வீட்டின் கார்பெட் அளவும் இருக்கும். ஒப்பந்தத்திலும் அதே எண்தான் இருக்க வேண்டும். விற்பனைப் பிரிவில் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளாதீர்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாட் 44 லட்சம். கார் பார்க்கிங் தனியா ஒன்றரை லட்சம். 45 லட்சத்துக்குள்ளதானே இருக்கு?

இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் நம் ஊரில் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். 45 லட்சம் என்பது வீட்டின் விலை மட்டும் அல்ல. நிலத்தின் பங்கு, கார் நிறுத்துமிடம், கிழக்கு பார்த்த வீடு, கார்னர் வீடு என்று சேர்க்கும் கூடுதல் தொகை, மேம்பாட்டுக் கட்டணம், பொது வசதிக் கட்டணம் எல்லாம் கூட்டிய தொகை. உங்கள் கணக்கில் அது 45 லட்சத்து 50 ஆயிரம். ஆக 5 சதவீதம்: 2,27,500 ரூபாய்.

இதே வீடு பார்க்கிங்கையும் சேர்த்து 45 லட்சத்துக்கு முடிந்திருந்தால் வரி 45,000. ஐம்பதாயிரம் ரூபாய் விலை வித்தியாசம் 1,82,500 ரூபாய் வரியை இழுத்து வருகிறது. எல்லைக்கு அருகில் இருக்கிற வீடென்றால் பேரம் பேசும்போதே இந்தக் கணக்கைத் தாளில் போட்டு பில்டர் முன்னால் வையுங்கள். மற்ற நேரத்தில் ஐம்பதாயிரம் குறைக்க யோசிக்கிறவர், வரி குறைந்தால் வீடு சீக்கிரம் விற்கும் என்பதால் இந்த இடத்தில் இறங்கி வருவார்.

ஆனால் "பார்க்கிங்கைப் பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வரி ஏய்ப்பு. பில் இல்லாத பார்க்கிங்குக்கு நாளை உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

கட்டி முடிச்ச வீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்லைன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். பணி முடிப்புச் சான்றிதழ் வந்த பிறகு விற்கும் வீடு, வெறும் நிலத்தைப் போல, சரக்கும் அல்ல, சேவையும் அல்ல; ஜிஎஸ்டி என்ற சரக்கு, சேவை வரி அதன்மேல் விழாது. கைமாறி வரும் பழைய வீட்டுக்கும் இதே நிலைதான். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் மட்டும் கட்டினால் போதும்.

ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'முழுத் தொகையும்' சான்றிதழ் வந்த பிறகு, அல்லது முதல் குடியேற்றத்துக்குப் பிறகு, எது முந்தியோ அதற்குப் பின் பெறப்பட்டிருக்க வேண்டும். அழகாபுரத்தில் 62 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் 2 லட்சம் டோக்கன் கொடுக்கிறீர்கள். மே மாதம் சான்றிதழ் வருகிறது. மீதி 60 லட்சத்தை ஜூனில் கொடுக்கிறீர்கள். அந்த 2 லட்சத்துக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 62 லட்சத்துக்கும் வரி விழும். 3,10,000 ரூபாய். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஒரு பைசா இல்லை.

எனவே ஒரு கட்டடம் பெயிண்ட் அடிக்கும் நிலையில் இருந்தால், டோக்கன் கொடுக்கும் முன் முதலில் கேட்க வேண்டியது சான்றிதழ் எப்போது என்பதைத்தான். வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. அந்தப் பயத்தின் விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள்.

டொரன்டோவில இருக்கிற என் மச்சினன் புது வீடு வாங்கினப்போ கட்டின வரியில ஒரு பகுதி திரும்ப வந்துச்சாம். இங்க அதுக்கு எந்த ஃபாரம்?

கனடாவில் அப்படி ஒரு திட்டம் உண்டு. அங்கே புது வீட்டுக்கு மத்திய அரசின் ஜிஎஸ்டி 5 சதவீதம். வாங்குகிறவர் அதில் தானே குடியிருந்தால், 3,50,000 டாலர் வரையிலான வீட்டுக்கு அந்த வரியில் 36 சதவீதம், அதிகபட்சம் 6,300 டாலர், திரும்பக் கிடைக்கும். 4,50,000 டாலரைத் தொட்டால் அது பூஜ்யமாகிவிடும். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் தன் பங்கு வரியில் 24,000 டாலர் வரை தனியாகத் திருப்பித் தருகிறது. பெரும்பாலும் பில்டரே அதை விலையில் கழித்துக்கொண்டு விண்ணப்பத்தையும் அவரே போட்டுவிடுவார்.

நம் நாட்டில் முதலில் முழு வரியை வாங்கிப் பிறகு ஒரு பங்கைத் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. சலுகையை விகிதத்திலேயே வைத்துவிட்டார்கள்: 1, 5, அல்லது ஒன்றுமில்லை. அதனால் வீடு வாங்கி முடித்தபின் போடுவதற்கு ஃபாரம் எதுவும் கிடையாது. ஒரே விதிவிலக்கு, புக்கிங் ரத்தாகும்போது. அது கடைசியில் வருகிறது.

இது எங்களுக்கு முதல் வீடு, அதுவும் என் மனைவி பேர்ல. ஏதாவது குறையுமா?

ஜிஎஸ்டியில் குறையாது. முதல் வீடா மூன்றாவது வீடா, ஆண் பெயரா பெண் பெயரா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. ஆனால் வேறு இரண்டு இடங்களில் பாருங்கள்.

ஒன்று, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கிறது. 40 லட்சம் ஃபிளாட்டுக்கு இது உதவாது. அயோத்தியாப்பட்டணம் பக்கமோ கருப்பூர் பக்கமோ சின்ன மனை வாங்குகிறவர்களுக்கு உதவும். இன்னொன்று, பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் உள்ள வட்டி மானியம். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம் உண்டு. ஐந்து தவணையாக மொத்தம் 1,80,000 ரூபாய் வரை கடன் கணக்கில் வரவாகும். கடன் கேட்கும்போதே வங்கியில் இதைச் சொல்லிவிடுங்கள். தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

'ஜிஎஸ்டியை நாங்களே கட்டிக்கறோம்'னு விளம்பரம் போட்டிருக்காங்க. நம்பலாமா?

அதற்கு ஒரே அர்த்தம்தான்: சொல்லும் விலைக்குள் வரியும் அடங்கியிருக்கிறது. அதில் தப்பில்லை. பக்கத்துத் திட்டத்தின் 'வரி தனி' விலையோடு ஒப்பிடும்போது மட்டும் கவனமாக இருங்கள்.

எப்படியிருந்தாலும் ஒவ்வொரு தவணைக்கும் வரியைக் காட்டும் பில் வாங்குங்கள். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். பதிவு ரத்தான ஒருவருக்கு உங்களிடம் ஜிஎஸ்டி வாங்க உரிமையே இல்லை. வெறும் வெள்ளைத்தாளில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தால், பின்னால் வரும் ரத்துக் கேள்வியில் உங்களுக்குக் கைப்பிடி இருக்காது.

எனக்கு லீ பஜார்ல மளிகை மொத்த வியாபாரம். ஜிஎஸ்டி எண் இருக்கு. வீட்டுக்குக் கட்டற வரியை வியாபாரத்துல கிரெடிட் எடுத்துக்கலாமா?

முடியாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் எதற்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வீட்டை நிறுவனத்தின் பெயரில் வாங்கினாலும், அசையாச் சொத்து கட்டுவதற்கான செலவில் இந்த வரவைச் சட்டம் தடுத்திருக்கிறது. யாராவது "நாங்க பண்ணித் தர்றோம்" என்றால், நோட்டீஸ் வரும் நாளில் அவர் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

பில்டர் 'ஆர்சிஎம் கட்டணும்'னு சொல்லித் தனியா ஒரு தொகை கேட்கறார்.

ஆர்சிஎம் (ரிவர்ஸ் சார்ஜ்) என்றால் விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே வரி கட்டுவது. 1, 5 சதவீத முறையில் இருக்கிற பில்டர், தான் வாங்கும் பொருள், சேவைகளில் 80 சதவீதத்தையாவது ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களிடம் வாங்க வேண்டும். குறைந்தால் குறைந்த அளவுக்கு அவரே 18 சதவீதம் கட்ட வேண்டும். இது அவர் கொள்முதல் செய்த விதத்தால் வரும் சுமை. உங்கள் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகச் சேர்க்க இடமில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

வெறும் மனை வாங்கினா?

ஜிஎஸ்டி இல்லை. ரோடு, சாக்கடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்ட லேஅவுட் மனையானாலும் இல்லை. 2022 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சொந்த மனையில வீடு கட்டறோம். கான்ட்ராக்டர் 18 சதவீதம் கேட்கறார். ஃபிளாட்டுக்கே 5தானே?

ஃபிளாட்டில் பில்டர் நிலத்தோடு சேர்த்து விற்கிறார், அதனால் அந்த விகிதம். உங்கள் மனையில் பொருளும் கூலியும் அவருடையது என்று ஒப்பந்தம் போட்டால் அது பணி ஒப்பந்தம், 18 சதவீதம். ஒரு பேச்சுக்கு 23 லட்சம் ரூபாய் வேலை என்றால் வரி மட்டும் 4,14,000.

இன்னொரு வழி உண்டு. சிமெண்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் எல்லாம் நீங்களே வாங்கிக்கொடுத்து, மேஸ்திரியிடம் கூலிக்கு மட்டும் விடுவது. ஒரு குடும்பம் குடியிருக்கும் தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பொருளுக்குக் கட்டும் வரி எப்படியும் போகும், கூலிக்கும் கான்ட்ராக்டரின் லாபத்துக்கும் விழும் வரி மிச்சம். கீழே நாலு போர்ஷன் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டுகிறீர்கள் என்றால் இந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். ஒப்பந்தத் தாளில் 'கூலி மட்டும்' என்று எழுதி, பொருள் பில்கள் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் பொருளையும் வாங்கிப்போட்டுவிட்டுத் தாளில் மட்டும் கூலி என்று எழுதுவது செல்லாது.

கான்ட்ராக்டரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து அவர் ஜிஎஸ்டியில் பதியாதவர் என்றால், அவர் வரி வாங்கவே முடியாது. காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் மொத்த வரவில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. எதிலும் நேரமும் அலைச்சலும் உங்களுடையது. ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் தினமும் கம்பி எடை பார்த்து இறக்க முடியுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சிமெண்ட்டுக்கு வரி குறைஞ்சதே. என் ஃபிளாட் விலையும் குறையணும் இல்லையா?

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. கம்பிக்கு முன்பு போலவே 18. பில்டருக்கு வரி வரவு கிடையாது என்று முதல் பதிலில் சொன்னேன். ஆகவே இந்தக் குறைப்பு அவருடைய அடக்க விலையைக் குறைக்கும். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் நிலையான விலை போட்டிருந்தால் அதைக் குறைக்கச் சொல்லிச் சட்டப்படி வற்புறுத்த வழியில்லை. உங்கள் ஃபிளாட்டின் விகிதமும் மாறவில்லை. இனிமேல் பேரம் பேசப் போகிறவர்கள் இதைச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கோ குறைப்பு கடை பில்லிலேயே தெரியும்.

நிலத்துக்குத் தனிப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். 45 லட்சக் கணக்குக்குக் கட்டுமானத் தொகையை மட்டும் எடுத்துக்கலாமா?

முடியாது. நிலத்தில் உங்களுக்கு உரிய பிரிக்கப்படாத பாகத்தின் விலையும் கட்டுமான ஒப்பந்தத் தொகையும் சேர்ந்ததுதான் வீட்டின் விலை. 'நிலத்துக்கு ஏன் வரி?' என்று கேட்பது நியாயம்தான். அதற்காகவே மூன்றில் ஒரு பங்கை நிலம் என்று கழித்துவிட்டுத்தான் விகிதம் போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் எழுதியிருப்பது 1.5, 7.5. நிலத்தைக் கழித்தால் மொத்த விலையில் 1, 5 ஆகிறது. இன்னொரு முறை கழிக்க முடியாது.

பதிவுச் செலவிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் கட்டணம்: 50 லட்சம் வரை 4 சதவீத முத்திரைத்தீர்வை, அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் 2 சதவீதம். மற்ற சொத்துகளுக்கு இது 7ம் 2ம். ஜிஎஸ்டி கட்டியதால் இது குறையாது, இது கட்டியதால் ஜிஎஸ்டியும் குறையாது. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள் முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் ஒன்றரை லட்சம் உச்சவரம்புக்குள், செலுத்திய ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டிக்கு அந்தக் கழிவு இல்லை. அது வீட்டின் அடக்க விலையில் சேர்ந்து, பின்னாளில் விற்கும்போது லாபக் கணக்கில் உதவும்.

ஏற்காட்டுல வில்லா பாத்திருக்கோம். வில்லாவுக்கும் இதே கணக்கா?

ஒரு திட்டத்தின் பகுதியாகக் கட்டி விற்கும் குடியிருப்பு வில்லா, ரெரா சட்டப்படி 'அபார்ட்மென்ட்' என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆகவே அதே 1, 5 சதவீதம், அதே 90 சதுர மீட்டர், அதே 45 லட்சம். மலைமேல் கட்டும் வீட்டில் நிலமும் விலையும் பெரிதாக இருப்பதால் 5 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது. மனையை ஒரு விலைக்கு விற்று, பிறகு நீங்கள் விரும்பினால் தனியாகக் கட்டித்தருகிறோம் என்றால் அது வேறு விஷயம். சொந்த மனைக் கேள்வியின் பதிலைப் பாருங்கள், 18 வரும்.

ஜிஎஸ்டியைவிட அங்கே பெரிய கேள்வி கட்டட அனுமதி. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வரும் கிராமங்களில் சமவெளிக்கான விதி மட்டும் போதாது. அனுமதி சரியில்லாத வில்லாவுக்குப் பணி முடிப்புச் சான்றிதழும் வராது.

மொத்தமே நாலு வீடுங்க. இந்தச் சின்னக் கட்டடத்துக்குச் சான்றிதழே தேவையில்லைன்னு பில்டர் சொல்றார். அப்போ ஜிஎஸ்டி இல்லைன்னு எதை வெச்சுச் சொல்றது?

தமிழ்நாடு கட்டட விதிகளில் சிறிய குடியிருப்புகளுக்குப் பணி முடிப்புச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சிப் பக்கம் கட்டி விற்கும் சின்னக் கட்டடங்கள் பல இந்த வகை. சான்றிதழ் தேவையில்லை என்பதாலேயே ஜிஎஸ்டி இல்லை என்று ஆகிவிடாது. உள்ளாட்சியின் சான்று தேவைப்படாத இடத்தில், கட்டடக் கலை மன்றத்தில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட், பட்டயப் பொறியாளர், அல்லது உள்ளாட்சியின் உரிமம் பெற்ற சர்வேயர் தரும் சான்றையே ஜிஎஸ்டி சட்டம் ஏற்கிறது. பணம் கைமாறும் முன் அந்தச் சான்றின் நகலை, தேதியோடு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி முந்தி, பணம் பிந்தி. கட்டி முடித்த வீட்டுக் கேள்வியில் சொன்னதே இங்கும்.

புக்கிங்கை ரத்து பண்ணிட்டோம். அசலைக் கொடுத்த பில்டர், 'ஜிஎஸ்டி கவர்மெண்டுக்குப் போயிடுச்சு, திரும்ப வராது'ன்னு சொல்றார்.

வரும். எப்படி வரும் என்பது தேதியைப் பொறுத்தது. பில் எந்த நிதியாண்டில் போடப்பட்டதோ, அது முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை பில்டர் கிரெடிட் நோட் (போட்ட பில்லின் தொகையைக் குறைக்கும் தாள்) போட்டு, தான் கட்டிய வரியைத் தன் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். உதாரணமாக 2024 ஆகஸ்டில் போட்ட பில்லுக்கு 2025 நவம்பர் 30 வரை. அதற்குள் ரத்தானால் வரியையும் சேர்த்துத் திருப்பித்தர வேண்டியவர் பில்டர்தான். 'போய்விட்டது' என்ற பதில் செல்லாது. கிரெடிட் நோட் போடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்தத் தேதி தாண்டியபின் ரத்தானால் நீங்களே விண்ணப்பிக்கலாம். 2022 டிசம்பர் 27 சுற்றறிக்கை ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண ஆட்களுக்கு இந்த வழியைத் திறந்தது. உங்கள் பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி இணையதளத்தில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். பில்டர் எந்த மாநிலத்தில் பதிந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தில். ஆதார் சரிபார்ப்பு முடிந்து, அதே பான் உள்ள வங்கிக் கணக்கைக் கொடுத்து, 'பதிவு இல்லாதவருக்கான ரீஃபண்ட்' என்ற பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். ரத்துக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான தொகைக்கு ரீஃபண்ட் கிடையாது.

பில்டர் ரத்துக்குன்னு ஒரு லட்சம் பிடிச்சுக்கிட்டார். ஜிஎஸ்டி முழுசா வருமா?

அவர் திருப்பிக் கொடுத்த தொகைக்கு உரிய வரி மட்டும்தான் வரும். 10 லட்சமும் அதற்கு 5 சதவீதமாக 50,000 ரூபாய் வரியும் கட்டியிருந்து, 9 லட்சம் திரும்பியிருந்தால், அரசிடம் கேட்கக்கூடியது 45,000.

விண்ணப்பத்தோடு ஒப்பந்தம், பில்கள், பணம் கட்டிய ஆதாரம், ரத்துக் கடிதம், பணம் திரும்பி வந்ததற்கான வங்கி விவரம் ஆகியவை வேண்டும். இவற்றோடு, வரியை அரசுக்குக் கட்டிவிட்டேன், வேறு எதிலும் சரிக்கட்டிக்கொள்ளவில்லை என்று பில்டர் தரும் சான்றும் வேண்டும். கணக்கு முடிந்து கைகுலுக்கியபின் இந்தச் சான்றைக் கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளில் உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள் அல்லவா, அந்த மேசையிலேயே, அதே நாளில், இந்தச் சான்றில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.